பைத்தான் ஆவணத்தில் கை வைக்கும் முன்

பைத்தானில் உரையின் இரு முனைகளிலும் எழுத்துகளைக் கழற்றும் ஸ்ட்ரிப் மெத்தடுக்குக் கொடுக்கும் எழுத்துகள் பின்னொட்டு அல்ல, எழுத்துகளின் தொகுப்பு. 'டெக்ஸ்ட் டாட் டிஎக்ஸ்டி' என்ற கோப்புப் பெயரில் நீட்டிப்பை மட்டும் கழற்றலாம் என நினைத்து இதைப் பயன்படுத்தினால், 'ஈ' என்ற ஒரே ஆங்கில எழுத்துதான் மிஞ்சும். இதை எச்சரிக்கும் வரி ஆவணத்தில் உண்டு. அந்த ஒரு வரி எத்தனை பேரின் இரவைக் காப்பாற்றுகிறது! பின்னொட்டை நீக்கவே தனி மெத்தட் 3.9 பதிப்பில்தான் வந்தது.

இப்படிப்பட்ட வரியை யாரும் எழுதலாம். பைத்தானின் மூல நிரலான சிபைத்தானின் களஞ்சியத்தில், 'டாக்' அடைவில் எல்லா ஆவணமும் இருக்கிறது. நிரலுக்குள் எழுதப்படும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங் வேறு, இது வேறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கிட்ஹப்பில் ஃபோர்க் (உங்களுக்கான நகல்) எடுத்து, மெயின் கிளையிலிருந்து புதுக் கிளை பிரியுங்கள். பழைய பதிப்புகளுக்குத் தேவையானால் பராமரிப்பாளர்களே பின்னர் கொண்டுபோவார்கள். 'டாக்' அடைவில் 'மேக் வென்வ்', பிறகு 'மேக் எச்டிஎம்எல்' கொடுத்தால் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி பக்கங்களை உருவாக்கும். எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகாதீர்கள். தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தாலும், பட்டியலுக்குப் பின் வெற்றுவரி விடுபட்டாலும் அங்கேதான் தெரியும். உள்தள்ளலுக்கு 3 இடைவெளி, வரிக்கு 80 எழுத்து வரை. நிரல் சொற்களுக்கு இரட்டை பேக்டிக் (`` குறி); மார்க்டவுன் பழக்கத்தில் ஒற்றை போட்டால் அது நிரல் எழுத்தாக வராது. எடுத்துக்காட்டுகளை 'மேக் டாக்டெஸ்ட்' கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டே இல்லாததைவிட மோசம்.

எழுத்துப்பிழைக்குத் தனி இஷ்யூ (சிக்கல் பதிவு) தேவையில்லை. பொருளே மாறும் திருத்தமென்றால் முதலில் இஷ்யூ திறந்து, எந்தப் பதிப்பில் எந்த வரி தவறு, உண்மையில் என்ன நடக்கிறது என்று ஓட்டிய முடிவோடு எழுதுங்கள். முதல் புல் ரிக்வெஸ்டின்போது (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மதிப்பாய்வு தொடங்கியபின் ஃபோர்ஸ் புஷ் (கிளையின் வரலாற்றை மேலெழுதி அனுப்புவது) வேண்டாம். பார்த்த இடம் எது, பார்க்காத இடம் எது என்பது மதிப்பாய்வாளருக்குத் தொலைந்துவிடும். கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) இறுதியில் ஒன்றாகச் சுருக்கப்படுவதால், வரலாற்றை அழகுபடுத்துவதிலும் பயனில்லை.

தவறில்லாத வாக்கியத்தை நடைக்காக மட்டும் மாற்றுவது நிராகரிக்கப்படுவதற்கு நல்ல காரணம் உண்டு. 2017இல் வந்த பெப் 545 (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) முதல் ஆவண மொழிபெயர்ப்புகளுக்கு முறையான வழி இருக்கிறது. மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றும் மூலப் பத்தியோடு கட்டப்பட்டது. மூலத்தில் ஒரு சொல் மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு 'ஃபஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். யாராவது சரிபார்க்கும்வரை ஜப்பானிய, கொரிய, பிரெஞ்சு வாசகர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும்.