கல்லூரிக் கட்டணத்துக்கு அமெரிக்க வரிச் சலுகை: மென்பொருளில் எங்கே கோட்டை விடுகிறோம்

பிள்ளை அமெரிக்கக் கல்லூரியில் படித்தால் கட்டிய கட்டணத்தைக் காட்டும் 1098-டி படிவம் ஜனவரி 31-க்குள் கல்லூரியிலிருந்து வந்துவிடும். அதில் இருப்பதை டர்போடாக்ஸ், ஃப்ரீடாக்ஸ்யுஎஸ்ஏ போன்ற வரித் தாக்கல் மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தட்டிவிட்டு, சலுகை பூஜ்யம் என்று திரை காட்டியதும் "நமக்கு இல்லை போல" என்று விட்டுவிடுகிற பெற்றோர் நிறைய. மென்பொருளுக்குக் கூட்டிக் கழிக்கத்தான் தெரியும். ஸ்காலர்ஷிப் எதற்குச் செலவானது, புத்தகத்துக்கு எவ்வளவு போயிற்று, பிள்ளையை யார் கணக்கில் காட்டப்போகிறீர்கள் என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும்.

வரியிலிருந்தே நேராகக் கழியும் சலுகைக்குக் கிரெடிட் என்று பெயர். கல்லூரிச் செலவுக்கு இப்போது நடப்பில் உள்ள கிரெடிட் இரண்டு. கட்டணத்தை வருமானத்திலிருந்து கழிக்கும் பழைய டிடக்‌ஷன் 2020 வரியாண்டோடு முடிந்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேட வேண்டாம்.

முதலாவது அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை. முதல் 2,000 டாலர் செலவு முழுதாகவும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கும் கிடைக்கும். ஆக, 4,000 டாலர் செலவைக் காட்டினால் போதும், அதற்கு மேல் காட்டிப் பயனில்லை. வரியே இல்லாவிட்டாலும் இதில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, ரீஃபண்டாகக் கைக்கு வரும். மாணவர் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ படிக்க வேண்டும். அந்த ஆண்டில் தொடங்கிய ஒரு பருவத்திலாவது பாதி நேர மாணவராக இருக்க வேண்டும். ஆண்டு தொடங்கும்போது கல்லூரிப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளை முடித்திருக்கக் கூடாது.

இரண்டாவது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். 10,000 டாலர் வரையிலான செலவில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர். இது ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக இல்லை. வீட்டில் மூன்று பேர் படித்தாலும் ஒரு ரிட்டர்னுக்கு (வரித் தாக்கலுக்கு) ஒன்றுதான். ரீஃபண்ட் கிடையாது. ஆனால் இத்தனை ஆண்டுதான் என்ற வரம்பு இல்லை, பட்டமும் தேவையில்லை. எம்.எஸ்., எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே ஒரே ஒரு பாடம் எடுப்பவர்களுக்கும் இதுதான். முதலாளி கட்டணம் கட்டியிருந்தால், ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியின்றிக் கிடைக்கும் அந்தத் தொகையை இங்கே மறுபடி காட்டக் கூடாது.

யாருக்குக் கிடைக்காது

வருமான வரம்பு இரண்டுக்கும் ஒன்றே. தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 80,000 டாலரிலிருந்து குறையத் தொடங்கி 90,000-இல் நின்றுவிடும். தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 1,60,000-க்கும் 1,80,000-க்கும் இடையில். கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் இரண்டுமே கிடையாது. வரி விஷயத்தில் ரெசிடென்ட் (அமெரிக்கவாசி) என்றால் ஊரில் இருக்கும் டெபாசிட் வட்டியும் வீட்டு வாடகையும் இந்த வருமானத்தில் சேரும். நம்மவர்கள் வரம்பைத் தாண்டுவது பல நேரம் இதனால்தான். கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது, மருத்துவச் செலவுக்கான ஹெச்எஸ்ஏ சேமிப்புக் கணக்கும் இருக்கிறது என்றால், ஏப்ரல் தாக்கல் கெடுவுக்குள் அதில் பணம் போட்டு வருமானத்தைக் குறைத்து வரம்புக்குள் வரப் பார்க்கலாம்.

எஃப்-1 விசாவில் வந்த மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு நான்-ரெசிடென்ட். அவர் தாக்கல் செய்ய வேண்டியது நான்-ரெசிடென்டுக்கான 1040-என்ஆர் படிவம். இந்த இரண்டு கிரெடிட்டும் அவருக்கு இல்லை. டர்போடாக்ஸ் அந்தப் படிவத்தைத் தயாரிப்பதில்லை என்று தெரியாமல் சாதாரண 1040-இல் தாக்கல் செய்து கிரெடிட் வாங்கிவிட்டு, பிறகு திருப்பிக் கட்டுவது ஆண்டுதோறும் நடக்கிற கதை. ஆண்டின் நடுவில் ஹெச்-1பிக்கு மாறியவரும், ஒரு பகுதிக்கு நான்-ரெசிடென்டாக இருந்ததால், முழு ஆண்டும் ரெசிடென்டாகக் கருதப்படத் தேர்வு செய்தாலொழிய வாங்க முடியாது.

2026 வரியாண்டிலிருந்து இன்னொரு கட்டுப்பாடும் வருகிறது: மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், அந்த எண் இல்லாதவருக்கு வரிக்காகத் தரும் ஐடின் எண் போதாது. ஹெச்-4 விசாவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

பிள்ளையை ஊரில் பொறியியலோ மருத்துவமோ சேர்த்திருந்தால்? அமெரிக்க அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள கல்லூரியாக இருந்தால்தான் கிரெடிட். தமிழ்நாட்டுக் கல்லூரிக்குக் கட்டிய பணம் பொதுவாக இதில் வராது.

1098-டி சொல்வதும் சொல்லாததும்

1-ஆம் கட்டம் கல்லூரிக்கு வந்த கட்டணம். கடனில் கட்டியதும் ஸ்காலர்ஷிப்பில் கட்டியதும் இதில் அடக்கம். 5-ஆம் கட்டம் ஸ்காலர்ஷிப். 7-இல் டிக் இருந்தால், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் பருவத்துக்கு முன்கூட்டியே கட்டியதும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கட்டிய ஆண்டிலேயே காட்டலாம். 8 பாதி நேர மாணவர், 9 பட்டமேற்படிப்பு மாணவர்.

புத்தகம் இந்தப் படிவத்தில் இருக்காது. ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டுக்குப் பாடப் புத்தகமும் பாடத்துக்குத் தேவையான பொருள்களும் செல்லும், எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் சரி. மடிக்கணினியும் படிப்புக்கு அவசியம் என்றால் செல்லும். மென்பொருள் இதை 1098-டி திரைக்குப் பிறகு தனியாகக் கேட்கும். "இல்லை" என்று அவசரமாக அழுத்திவிட்டுப் போகிற இடம் அது. விடுதி, சாப்பாடு, இன்ஷூரன்ஸ், பயணம் எதுவும் எந்தக் கிரெடிட்டுக்கும் ஆகாது. கல்லூரியின் இணையக் கணக்கிலிருந்து ஆண்டு முழுவதற்குமான ஸ்டேட்மென்டை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். 1098-டியும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால், எந்தத் தேதியில் என்ன கட்டினோம் என்பதற்கு அந்த ஸ்டேட்மென்ட்தான் கைகொடுக்கும்.

இனி ஸ்காலர்ஷிப். அதிகப் பணம் கைவிட்டுப் போவது இங்கேதான். கட்டணம் 9,000, ஸ்காலர்ஷிப் 7,500 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே தட்டினால் மிச்சம் 1,500, கிரெடிட்டும் 1,500. ஆனால் ஸ்காலர்ஷிப் விதி தடுக்காவிட்டால், அதில் 2,500 டாலர் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனதாகக் காட்ட முடியும். அந்த 2,500 மாணவரின் வருமானமாகும். வேறு வருமானம் இல்லையென்றால், வருமானத்தில் வரியின்றி விடப்படும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள் அடங்கி வரி வராது. இந்தப் பக்கம் கட்டணத்தில் 4,000 விடுபட்டு முழு 2,500 கிரெடிட் கிடைக்கும். "ஸ்காலர்ஷிப்பில் ஏதாவது தங்குமிடத்துக்குச் செலவானதா?" என்று மென்பொருள் கேட்பது இதற்காகத்தான். கட்டணத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த ஸ்காலர்ஷிப்புக்கு இது செல்லாது. மாணவருக்கு வட்டி, பங்கு வருமானம் இருந்தால் 8615 படிவத்தின்படி பெற்றோரின் வரி விகிதம் அதன்மேல் விழலாம். அழுத்துவதற்கு முன் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

கல்விக்காகச் சேமித்து வரியின்றி எடுக்கும் 529 கணக்கிலும் இதே சங்கதி. ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்ட முடியாது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 22,000 என்றால் 529-இலிருந்து 18,000 மட்டும் எடுத்து, 4,000 கட்டணத்தைக் கைப்பணத்திலோ கடனிலோ கட்டுவது நல்லது. முழுவதும் எடுத்துவிட்டீர்களா? அப்போதும் 4,000-ஐக் கிரெடிட்டுக்கு ஒதுக்கலாம். அதற்கு ஈடான 529 வளர்ச்சிப் பகுதிக்கு வரி உண்டு, ஆனால் 10 சதவீத அபராதம் இல்லை.

யார் காட்டுவது

பிள்ளையைச் சார்ந்தவராக யார் காட்டுகிறாரோ அவருக்குத்தான் கிரெடிட். பணம் கட்டியது பிள்ளையோ தாத்தாவோ ஆனாலும், பெற்றோர் கட்டியதாகவே கணக்கு. பிள்ளை தன் ரிட்டர்னில் அதே 1098-டியைத் தட்டினால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

பெற்றோரின் வருமானம் வரம்பைத் தாண்டினால் வேறு வழி பார்க்கலாம். பிள்ளையைக் காட்டாமல் விட்டால், சார்ந்தவருக்காகக் கிடைக்கும் 500 டாலர் கிரெடிட் போகும். ஆனால் பிள்ளை தன் வரிக்கு ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டை எடுத்துக்கொள்ளலாம். 2025-இல் இன்டர்ன்ஷிப்பில் 30,000 டாலர் வாங்கியவருக்கு ஃபெடரல் வரி சுமார் 1,470 டாலர். அது முழுதாகப் போய்விடும். 24 வயதுக்குட்பட்ட பெரும்பாலான மாணவர்களுக்கு ரீஃபண்ட் பகுதி கிடைக்காது என்பதால் வருமானமே இல்லாத பிள்ளைக்கு இதில் லாபமில்லை. பிள்ளையின் ரிட்டர்னில் இரண்டு கேள்வி வரும். "உங்களை வேறொருவர் காட்ட முடியுமா?" என்பதற்கு ஆம். "காட்டப்போகிறாரா?" என்பதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே பதிலைக் கொடுத்தால் கிரெடிட் மறைந்துவிடும்.

ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் ஒருவருக்கு நான்கு வரியாண்டுக்கு மட்டும். நான்காண்டுப் படிப்போ ஐந்து காலண்டர் ஆண்டைத் தொடும். எந்த ஆண்டில் செலவு 4,000-க்குக் குறைவோ, அல்லது பெற்றோர் வருமானம் வரம்பைத் தாண்டியதோ, அதை விட்டுவிட்டு மற்ற நான்கை எடுங்கள். "முன்பு எத்தனை ஆண்டு வாங்கினீர்கள்?" என்று மென்பொருள் கேட்கும், மென்பொருளை மாற்றியவர்கள் பழைய ரிட்டர்ன்களில் இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் 8863 படிவம் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்லவும்.

அனுப்புவதற்கு முன் அந்த 8863 படிவத்தைத் திறந்து பாருங்கள். மூன்றாம் பகுதியில் கல்லூரியின் வரி எண் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் நிற்காது. ரீஃபண்ட் ஆகும் பகுதி 1040-இன் 29-ஆம் வரியிலும், மற்றது ஷெட்யூல் 3-இலும் விழுந்திருக்க வேண்டும். இலவசப் பதிப்பு சிலவற்றில் இந்தப் படிவம் சேராது. கட்டணப் பதிப்புக்கு மாறச் சொன்னால், ஃபெடரல் ரிட்டர்னை இலவசமாகத் தரும் ஃப்ரீடாக்ஸ்யுஎஸ்ஏவில் போட்டுப் பார்க்கலாம்.

போன ஆண்டுகளில் விட்டுப்போனதைத் திருத்திய ரிட்டர்னான 1040-எக்ஸ் மூலம் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். தகுதியில்லாமல் வாங்கி, வரித்துறையான ஐஆர்எஸ் மறுத்திருந்தால், அடுத்த முறை கேட்கும்போது 8862 படிவம் சேர்க்க வேண்டும். விதியைக் கண்டுகொள்ளாமல் வாங்கியதாக முடிவானால் 2 ஆண்டுத் தடை, மோசடி என்றால் 10 ஆண்டு.