நொண்டல் நின்னுடுச்சுன்னா காயம் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

"டாக்டர், இப்ப நொண்டவே இல்ல, நேத்து லைட்டா ஓட்டிப் பாத்தோம்." கால் டெண்டான் அடிபட்ட குதிரைய வெச்சிருக்கறவங்க போன்ல இப்படிச் சொன்னாலே, குதிரை டாக்டரான எனக்கு வயித்துல புளியக் கரைக்கும்.

குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழ சதையே கிடையாது, எலும்பு, அதுக்குப் பின்னாடி டெண்டான் (சதைய எலும்போட இணைக்கற நார்), லிகமென்ட் (எலும்ப எலும்போட இணைக்கற நார்), மேல தோல், அவ்ளோதான். நிறைய பேர் டெண்டான நரம்புன்னு சொல்றாங்க, நரம்பு வேற இது வேற. ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மியான இடம், அதனால அடிபட்டா ஆறுறதும் ஆமை வேகம்தான். வீக்கமும் சூடும் சில வாரத்துல வத்திடும், நொண்டலும் நின்னுடும், ஆனா உள்ள அப்ப இருக்கறது அவசரத்துக்குப் போட்ட ஒட்டு மாதிரி நார், அது இழுவையத் தாங்கற நாரா மாறி ஒழுங்கா வரிசைல அடுக்கி நிக்க 9 மாசம், 12 மாசம், சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

நான் பாத்த ஒரு குதிரை, டெண்டான் அடிபட்டு லாயத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க, ஆறாவது வாரம் 'பாவம் அடைஞ்சே கிடக்குது'ன்னு அவுத்து விட்டுட்டாங்க. ரெண்டு துள்ளல்தான். மறுநாள் போய் காலத் தூக்கி மடிச்சு வெச்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அந்த டெண்டான மேலருந்து கீழ வரைக்கும் அமுக்கிட்டே வரேன், பாதியில வெடுக்குன்னு கால இழுத்துக்குச்சு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல டெண்டான் நடுவுல கருப்பா ஓட்டை, அதாவது நார் அறுந்த இடம், மொதல்ல இருந்தத விடப் பெருசு. திரும்ப ஒண்ணுலருந்து எண்ண வேண்டியதுதான்.

அடிபட்ட அன்னைக்கே ஐஸ், ஒரு தடவைக்கு 20 நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவ. அழுத்தம் சமமா இருக்கற மாதிரி பேண்டேஜ், பஞ்சு இல்லாம இறுக்கிச் சுத்துனா அந்தக் கட்டே புதுசா ஒரு காயம் பண்ணிடும். நல்ல காலுக்கும் கட்டுங்க, பாரமெல்லாம் அதுதான் தாங்குது. ஸ்கேன ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு எடுத்தா முழு சேதாரமும் தெரியும், மொத நாளே எடுத்தா கம்மியாக் காட்டலாம்.

பிஆர்பி (குதிரையோட சொந்த ரத்தத்துலருந்து பிரிச்சு எடுக்கற பிளேட்லெட் நிறைஞ்ச திரவம்), ஸ்டெம் செல் (புது திசுவா மாறக்கூடிய செல்) ஊசியெல்லாம் இருக்கு, கேஸப் பாத்து நானும் போடறேன், ஆனா ஊசி போட்டாச்சுல்லன்னு நடத்தறத விட்டுட்டா காசுதான் போச்சு. நிஜமான வைத்தியம் கையில புடிச்சு நடத்தறதுதான். டாக்டர் சொன்னப்புறம் கெட்டியான சமதரைல 5 - 10 நிமிஷம், வாரா வாரம் கொஞ்சம் கூட்டணும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், அது சரின்னு சொன்னாத்தான் டிராட், அதாவது மெல்லோட்டம்.

அடைஞ்சு கிடக்கற குதிரைக்குத் தானியத்தக் கொறைங்க, இல்லன்னா அந்த தெம்பெல்லாம் துள்ளலாத்தான் வெளிய வரும். காஞ்ச புல்ல கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க போடுங்க, பக்கத்துல இன்னொரு குதிரை கண்ணுல படட்டும். மொத நாள் நடைக்கு வெளிய எடுக்கறப்ப ரொம்பத் துடிச்சா டாக்டர்கிட்ட லேசா சாந்தப்படுத்தற மருந்து கேளுங்க, அதுல வெக்கமே வேணாம், நானே எத்தனையோ தடவ குடுத்திருக்கேன்.