உயிலுக்குள் இருக்கும் பெயர்கள்

அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் ஓர் ஆண்டில் போய் முட்டிக்கொள்ளும்: 1870. அடிமை முறை ஒழிந்தபின் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கு அது. அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடும் ஊரோடும் அதில்தான் முதன்முதலாக வருகிறார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அவர்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாக வரும். ஆளின் பெயர் மட்டும் அநேகமாக இருக்காது. வம்சாவளி தேடுபவர்கள் இதை '1870 சுவர்' என்றே சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்த மனிதர்களின் பெயர்களை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லையா? எழுதி வைத்திருக்கிறார்கள், சொத்தாக. உடைமையாளர் இறந்ததும் அவர் உயிலில், "இன்ன பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் என் மகளுக்குக் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி வரும். சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் மாடு, ஏர், கட்டில் ஆகியவற்றோடு மனிதர்களின் பெயர்களும், பக்கத்தில் இத்தனை டாலர் என்ற மதிப்பும் இருக்கும். படிக்கவே மனம் கூசும் காகிதங்கள். ஆனால் ஒரு தாயையும் அவள் குழந்தைகளையும் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஒரே சான்று பல குடும்பங்களுக்கு அதுதான்.

காகிதம் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? தேடும் வழி இல்லாததுதான் காரணம். நம் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் வரும்; சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெயர் வராது. அமெரிக்க உயில்களின் பெயரடைவும் அப்படித்தான். எழுதியவரின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே எட்டாவது வரியில் இருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவளை யார் வைத்திருந்தார் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததுதானே பிரச்சினையே.

ஆவணங்களைச் சேர்ப்பது இந்தத் துறையில் எப்போதோ தொடங்கிவிட்டது. யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மார்மன் திருச்சபை 1938-லேயே உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் எடுக்க ஆரம்பித்தது. சேர்ந்தவை 24 லட்சம் சுருள்கள். அவற்றை டிஜிட்டலாக்கும் வேலை 2021-ல் முடிந்தது. அந்தத் திருச்சபையின் ஃபேமிலிசர்ச் தளத்தில் பெரும்பகுதியை இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் படம் படமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும், அல்லது யாராவது உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும்.

அந்த உழைப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் பூட்டி வைக்கப்படும். 1940 கணக்கு 2012 ஏப்ரலில் வெளியானபோது பெயர் போட்டுத் தேட வழியில்லை. தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று தெரிந்தவர்தான் அந்த வட்டாரத்தின் பக்கங்களைத் திறந்து பார்க்க முடிந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சில மாதங்கள் தட்டச்சு செய்துதான் பெயரடைவு உருவானது. பத்து ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 1-ல் 1950 கணக்கு வெளியானது. அன்றே பெயர் போட்டுத் தேட முடிந்தது. கணினியே கையெழுத்தை வாசித்து முதல் வரைவைத் தயார் செய்திருந்தது.

இந்த வாசிப்பு எப்படி நடக்கிறது? மென்பொருள் முதலில் பக்கத்தில் எது வரி, எது ஓரக்குறிப்பு, எது மைக்கறை என்று பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாக மெல்லிய கீற்றுகளாகப் பார்த்துக்கொண்டே போகிறது. 'இது இன்ன எழுத்து' என்று உடனே முடிவு கட்டாது. 'எஸ்' ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 'எல்' ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று எடை போட்டு வைத்துக்கொள்ளும். கடைசியில், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்ற அறிவையும் சேர்த்து, பொருத்தமான வாசகத்தைத் தேர்ந்தெடுக்கும். இதற்கெல்லாம் அதைப் பழக்க, பக்கத்தின் படமும் அதை மனிதர் படித்து எழுதிய பிரதியும் ஜோடி ஜோடியாக ஏராளம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது போன்ற வேலைதான் இங்கே பாடப் புத்தகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உயில்களில் வரும் சட்ட வாசகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால், பாதி அழிந்திருந்தாலும் கணினி சரியாக ஊகித்துவிடும். பெயர்கள் அப்படியல்ல. முன்பின் வரும் சொற்களை வைத்து ஒரு பெயரை ஊகிக்க முடியாது. நமக்கு எது வேண்டுமோ அதில்தான் அதிகம் தடுக்கி விழும்.

உப்பு ஏரி நகரமான சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் நடந்துவரும், வம்சாவளி தேடுபவர்களுக்கான ரூட்ஸ்டெக் மாநாட்டுக்கு இங்கேதான் பெரிய பங்கு இருக்கிறது. 2021-ல் தொற்றுக்காலத்தில் முழுக்க இணையத்தில், இலவசமாக நடந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட மாநாடு அது. 2024 மாநாட்டில் ஃபேமிலிசர்ச் ஒரு சோதனை வசதியைக் காட்டியது: முழு வாசகத் தேடல். அமெரிக்க நில ஆவணங்கள், உயில்கள், மெக்சிகோ நோட்டரிப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கணினி வரிக்கு வரி வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் தேடலுக்குள் கொண்டுவந்திருந்தது. சாட்சியின் பெயர், பக்கத்து நிலத்துக்காரர் பெயர், எட்டாவது வரியில் இருக்கும் பெண்ணின் பெயர், எல்லாமே. பல ஆண்டுகளில் இந்தத் துறைக்கு வந்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

மரபணுச் சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். அது உறவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. உங்களுக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் மூன்று சதவீத மரபணு பொதுவாக இருந்தால், ஒரே கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டியின் வழி வந்தவர்களாக இருக்கலாம். அந்தக் கொள்ளுத் தாத்தா யார் என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

தேடும்போது கணினி எப்படித் தவறும் என்று தெரிந்து தேட வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் பெரிய 'எஸ்'ஸும் 'எல்'லும் ஒன்றுபோலவே இருக்கும். சாம் கிடைக்காவிட்டால் லாம் என்று போட்டுப் பாருங்கள். இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எழுத்தை நீட்டி 'எஃப்' போல எழுதுவார்கள். ஜெஸ்ஸி என்ற பெயரைக் கணினி 'ஜெஃப்சி' என்று படித்திருக்கலாம். தனிப் பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்; மாவட்டத்தையும், உடைமையாளர் என்று சந்தேகப்படுபவரின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். கிடைத்ததும் மூலப் படத்தைத் திறந்து கண்ணால் படித்துவிடுங்கள். கணினியின் வாசகத்தை அப்படியே குடும்ப மரத்தில் ஏற்றினால், அதை நாலு பேர் பிரதி எடுப்பார்கள். அப்புறம் அந்தத் தவறைப் பிடுங்கி எறிய முடியாது.

நம்மவர்களுக்கும் இப்படிப்பட்ட காகிதங்கள் உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று இருக்கிறது. எல்லாம் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை. குடும்பப் பெயரை வைத்துத் தேடும் மேற்கத்திய முறைகள் இங்கே உதவாது, நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே. முனியம்மா என்று தேடினால் எத்தனையோ முனியம்மாக்கள் வருவார்கள். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடினால்தான் ஆள் அகப்படுவார். கிராமத்தின் பெயர் ஆங்கிலத்தில் எவ்வளவு சிதைந்திருந்தாலும், அதை உரக்கப் படித்துப் பார்த்தால் அந்த வட்டாரத்துக்காரருக்கு எந்த ஊர் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.