ஸ்கேன்: யாப்பிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு வந்த சொல்

"தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க." "அஞ்சாம் மாச ஸ்கேன் முடிஞ்சதா?" "பேங்க் பாஸ்புக்கை ஸ்கேன் பண்ணி அனுப்பு." ஒரே சொல்தான், ஆனால் மூன்று இடத்திலும் நடப்பது வெவ்வேறு வேலை. அம்மாவோடு ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டார்: "ஸ்கேன்னா என்ன கண்ணு பண்ணுவாங்க? போட்டோ புடிக்கிறதா?" ஆமாம் பாட்டி, போட்டோ மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். அவர் பயம் போனது. ஆனால் நான் சொன்னது சரியில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இதன் வேர் லத்தீன் மொழியில் 'ஸ்காண்டெரே'. ஏறுதல் என்று பொருள். 'துள்ளு, பாய்' என்ற பொருளுள்ள 'ஸ்கந்த்' என்னும் வடமொழி வேர் இதற்கு உறவு என்பார்கள் மொழியியலார். ஸ்கந்தன் என்ற பெயரையும் அந்த வேரிலிருந்து விளக்குவது உண்டு. ஏறும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறோம் அல்லவா, அந்த அடி எடுத்து வைப்பதே செய்யுளின் தாளத்தை எண்ணும் முறைக்குப் பெயரானது. ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்தபோது அதன் பொருள் இதுதான்: பாட்டின் அடியை அசை அசையாகப் பிரித்து அளப்பது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சட்டென்று ஒன்று தோன்றும். இந்த வேலைக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறதே! அலகிடுதல். பள்ளிக்கூடத்தில் நேர், நிரை என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தோமே, அதுதான். மருத் / துவர் என்று பிரித்தால் நிரை நிரை, கருவிளம். நோ / யா / ளி என்று பிரித்தால் நேர் நேர் நேர், தேமாங்காய். சொல்லை மொத்தமாகப் பார்க்காமல், துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அளவு கொடுத்து, பிறகு சேர்த்துப் பார்க்கிறோம்.

அப்புறம் அந்த ஆங்கிலச் சொல் வளர்ந்தது. பாட்டை நுணுகிப் பார்ப்பது, எதையும் நுணுகிப் பார்ப்பதாக விரிந்தது. 1920களின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காட்சியை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து அனுப்புவதற்கு அது பெயரானது. மருத்துவமனைக்குள் அது வந்தது 1950களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் பெனடிக்ட் கேசன் செய்த ஒரு கருவி, கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்ட நோயாளியின் தைராய்டுச் சுரப்பிக்கு மேலே, உழவர் சால் ஓட்டுவதுபோலப் போய்ப் போய்த் திரும்பி வரி வரியாகக் கதிரை அளந்தது.

ஆனால் இன்று ஸ்கேன் என்றதும் நம் கண்ணில் நிற்கும் அந்த வளையத்துக்கு, அதாவது சிடி ஸ்கேன் கருவிக்கு, வித்திட்டது லண்டன். கதையின் ஒரு பக்கம் ஈ.எம்.ஐ. என்ற நிறுவனம். நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு நம் வீடுகளுக்கு வந்ததே, அதே குடும்பம். 1936இல் பிபிசி தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு 405 வரி முறையை மார்க்கோனியோடு சேர்ந்து உருவாக்கியதும் அவர்கள்தான். ஆக, அந்தச் சொல் அந்தக் கட்டடத்துக்குள் முன்பே புழங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், 1967 வாக்கில் ஒரு யோசனைக்கு வந்தார். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரால் அளந்தால், உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டே வரைந்துவிடலாம். முதல் சோதனைக் கருவிக்கு ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாள் பிடித்தது.

கருவி இருந்தால் போதுமா? எதை அளக்க வேண்டும், அளந்ததில் எது நோய், எது வெறும் நிழல் என்று சொல்ல மருத்துவர் வேண்டும். விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோஸ் அந்தப் பக்கத்தை ஏற்றார். பிரிட்டன் சுகாதாரத் துறை பணம் கொடுத்தது. அதற்கு முன் மூளையின் உள்ளறைகளைப் பார்க்க வேண்டுமென்றால், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். தாங்க முடியாத தலைவலி தரும் சோதனை அது. அந்த வலியிலிருந்து நோயாளிகளை விடுவித்ததுதான் இந்தக் கூட்டு வேலையின் பெரும் கொடை என்பேன்.

1971 அக்டோபர் 1. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி படுத்திருந்தார். கருவி அவர் தலையைச் சுற்றி ஒவ்வொரு பாகையாக 180 முறை நகர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் 160 அளவுகள். ஆக மொத்தம் 28,800 எண்கள். அவை காந்த நாடாவில் பதிந்து ஈ.எம்.ஐ.க்குப் போய், கணினியில் கணக்கிடப்பட்டு, 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படமாகத் திரும்பி வந்தன. இடப்பக்க முன்மூளையில் நீர்க்கட்டி தெளிவாகத் தெரிந்தது. வென்ற கோல் அடித்த கால்பந்து ஆட்டக்காரர்களைப் போல இருவரும் குதித்தோம் என்று ஆம்புரோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல், இதற்கான கணக்கைத் தனியாக வகுத்திருந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரில் ஓர் அளவும் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000.

அந்த 28,800ஐ நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் படம் 'பிடிக்கவில்லை'. துண்டு துண்டாக அளந்தார்கள், அளந்ததைக் கூட்டிப் படமாக்கினார்கள். பாட்டியிடம் நான் சொன்ன தவறு இதில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கணினி உலகில் 'வருடல்', 'வருடி' என்பவை நன்றாக வேரூன்றிவிட்டன. வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். தாளின் மேல் ஒளி ஊர்ந்து போவதற்கு அழகான சொல். வயிற்றில் பசை தடவி, சிறு கருவியை மேலே நகர்த்தும் கேளா ஒலி (அல்ட்ராசவுண்ட்) சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லே கிடையாது. ஆனால் சிடி கருவி யாரையும் வருடுவதில்லை. அதற்கு 'அலகீடு' என்பதையே நான் முன்வைப்பேன். அலகு என்றால் அளவு, எண். கத்தியின் வாய்க்கும் அலகு என்றே பெயர். சிடி என்பதில் உள்ள 'டி' டோமோகிராபியைக் குறிக்கிறது. அதன் கிரேக்க வேரான 'டோமோஸ்' என்பதற்கு வெட்டிய துண்டு என்று பொருள். அளப்பது, வெட்டுவது என்ற இரண்டு கருத்தும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் அடங்குகின்றன. அலகு என்றதும் கோயிலில் அலகு குத்துவது நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். 'அலகீட்டுப் படம்' என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் இராது. எம்.ஆர்.ஐ.க்குக் 'காந்த ஒத்ததிர்வுப் படம்' இருக்கிறது. அதை மாற்றத் தேவையில்லை.

பேச்சில் ஸ்கேன் இருக்கட்டும். அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை. நோயாளி கையெழுத்துப் போடும் தாளில்தான் தமிழ் வேண்டும். அதில் இப்படி இருந்தால் அந்தப் பாட்டிக்கும் புரியும்: "உங்கள் தலைக்கு அலகீட்டுப் படம் எடுக்கிறோம். கருவி உங்களைச் சுற்றி வந்து எக்ஸ் கதிரால் அளக்கும். தொடாது, வலிக்காது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருங்கள்."