பெனிட்டோயிட்டை நீலக்கல் என்று எழுதிவிடாதீர்கள்

ரத்தினப் பரிசோதனைக்கு வரும் நீல நிறக் கற்களுக்குப் பெரும்பாலும் முன்னாலேயே பெயர் வைத்துவிடுகிறார்கள். பழைய நகை என்றால் நீலக்கல் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. நீலக்கல்லைப் போலவே தெரியும் பெனிட்டோயிட் என்ற அபூர்வ ரத்தினம் கவனத்துக்குத் தப்புவது இங்கேதான்.

1907-இல் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் கிடைத்தபோதும் இதை முதலில் நீலக்கல் என்றே நினைத்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகப் புவியியலாளர் ஜார்ஜ் லவுடர்பேக்தான் இது புதிய கனிமம் என்று கண்டு, கிடைத்த இடத்தை வைத்தே பெயரிட்டார். பேரியமும் டைட்டானியமும் சேர்ந்த சிலிக்கேட் இது. நீலக்கல் அலுமினியம் ஆக்சைடு. நகைக்கு ஏற்ற தரத்தில் இது கிடைத்தது கிட்டத்தட்ட அந்த ஒரே பகுதியில்தான். 1985-இல் கலிபோர்னியா இதை மாநில ரத்தினமாக அறிவித்தது.

சரி, எங்கே ஏமாறுகிறோம்? கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் கோடுகளாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் நீலக்கல் 1.76, 1.77 என்று இரண்டு கோடுகள் காட்டும். பெனிட்டோயிட்டின் கீழ்க்கோடு 1.757-ல் விழும். மேல்கோடு 1.804 வரை போகும். கருவியில் வழக்கமாகப் பயன்படுத்தும் திரவத்தின் எல்லையே 1.81 என்பதால் அது மங்கலாகத்தான் தெரியும். ஒரு கோட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் தப்பான பெயர்தான் அறிக்கையில் ஏறும். கல்லைச் சுழற்றி இரண்டையும் படியுங்கள்.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸ். பெனிட்டோயிட்டில் அடிப்பக்கப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஒரு திசையில் தெரியவில்லை என்றால் கல்லைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நீலக்கல்லில் விளிம்புகள் இவ்வளவு பிரிந்து தெரியாது. குறுகிய அலை புற ஊதா ஒளியில் பெனிட்டோயிட் பளிச்சென்று நீலமாக ஒளிரும், அழகான காட்சி அது. ஆனால் சில செயற்கை நீலக்கற்களும் அதே விளக்கில் வெளிறிய நீலப்பச்சையாக ஒளிரும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவு எழுதக் கூடாது. தனியாகக் கழற்றிய கல் என்றால் ஒப்படர்த்தியும் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) பாருங்கள்: இதற்கு சுமார் 3.65, நீலக்கல்லுக்கு 4.00.

பெயர் தவறினால் கல்லுக்கே ஆபத்து. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் நீலக்கல்லின் கடினம் 9, பெனிட்டோயிட்டுக்கு 6 முதல் 6.5 வரைதான். சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினமே 7. நீலக்கல் என்று நம்பி தினமும் மோதிரமாகப் போட்டால் பட்டை விளிம்புகள் தேய்ந்து கீறல் விழும். பட்டறையிலும் அதே நம்பிக்கையில் அழுத்தித் தேய்ப்பார்கள். இழந்தால் ஈடு செய்யப் புதுக் கல் எளிதில் கிடைக்காது. மூன்று காரட்டைத் தாண்டிய கற்களே அபூர்வம்.

பழைய நீலக் கல்லை மறுபடி கட்டக் கொடுக்கும் முன் பரிசோதித்து, அறிக்கையில் கனிமத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். அந்த அறிக்கையைக் கல் கட்டுபவரிடமும் காட்டுங்கள்.