வெயில் கொதிப்புக்குக் காய்ச்சல் மாத்திரை உதவாது

கத்திரி நாளில், மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு சென்ட்ரிங் தொழிலாளியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. கண் திறந்திருந்தது, பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ். "டாக்டர், அப்பவே ரெண்டு காய்ச்சல் மாத்திரை கொடுத்துட்டேன். சூடு இறங்கவே இல்ல" என்றார் மேஸ்திரி.

இறங்காது.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்வது அதன் வேலை. கிருமி தொற்றினால் அந்த அளவையே அது 39, 40 என்று ஏற்றிவிடும். அப்போது 37ல் இருக்கும் உடம்பு அதற்குக் குளிர்ந்து கிடப்பதாகப் படும். மே மாதத்திலும் காய்ச்சல்காரர் போர்வை கேட்பது இதனால்தான். ஊட்டிக் குளிரில் வருவதும் இதே நடுக்கம்தான்: தசைகள் துடித்துச் சூடு உண்டாக்கும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். பாராசிட்டமால், ஏறிய அளவை மறுபடி இறக்குகிறது. அவ்வளவுதான்.

வெயில் தாக்கியவருக்கோ அளவு ஏறவே இல்லை. சூட்டை வெளியேற்றத்தான் முடியவில்லை. மாத்திரைக்கு அங்கே வேலை கிடையாது.

தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுவது, வியர்ப்பது: உடம்புக்குத் தெரிந்த வழிகள் இவை இரண்டும்தான். கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். தரையில் சொட்டியது எதையும் கொண்டுபோகாது. சென்னைப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை எங்கே காயும்? வேலூரின் 40 டிகிரியைவிடக் கடலோரத்தின் 36 சில நாட்களில் மோசமாக இருப்பது இதனால்தான். "வியர்க்குதே, அப்புறம் என்ன பயம்?" என்று நம்பவும் கூடாது. அந்தத் தொழிலாளி தொப்பலாக நனைந்துதான் வந்தார்.

வெயிலில் நின்றவர் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் மாத்திரை, தண்ணீர், மோர் எதுவும் வேண்டாம், புரையேறிவிடும். முதல் அரைமணி நேரத்தில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதில்தான் மூளையும் சிறுநீரகமும் தப்புவது பெரும்பாலும் இருக்கிறது.

அவர் ஆறாம் நாள் வீடு திரும்பினார். பிறகு விசாரித்தால், ஊரிலிருந்து வந்து சைட்டில் சேர்ந்து மூன்றே நாள். முதல் நாளிலிருந்தே முழு வேலை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதனால் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுவது என்று மேஸ்திரியிடம் எழுதியே கொடுத்தேன். "அப்ப கூலி?" என்று கேட்டார். அதற்கு மருந்துச்சீட்டில் இடமில்லை.