ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு விளக்கம் இவ்வளவு போதும். மக்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

வருமானச் சான்றிலேயே வம்பு தொடங்குகிறது. கூலி வேலை என்றதும் "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டு, சொன்னதை 30 நாளாலும் 12 மாதத்தாலும் பெருக்கிவிடுகிறார்கள். 500 ரூபாய் கூலிக்காரர் காகிதத்தில் 1,80,000 ரூபாய்க்காரர் ஆகிவிடுகிறார். மழையில் சும்மா கிடந்த நாட்களை யார் கழிப்பது? மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சான்று வந்ததும் தொகையைப் படித்துப் பாருங்கள்.

ரேஷன் கார்டையும் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்றுதான் அது தெரியவரும்.

அப்புறம் கைரேகை. உப்பளத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவைக் காப்பீட்டுப் பதிவு மையம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பத்து விரலையும் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார். "விழலைம்மா, ஆதாரைச் சரி பண்ணிட்டு வாங்க." ஆதார் மையத்துக்குப் போனால், "அங்கேயே கேளுங்க." இரண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம். உப்பில் தேய்ந்த விரலை அந்தக் கருவி செய்தவர்கள் கண்டதே இல்லை போலிருக்கிறது.

ரேகை விழவில்லை என்பதற்காக நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது, கருவிழி, ஓடிபி போன்ற மாற்று வழி தர வேண்டும் என்று ஆதார் ஆணையமே 24.10.2017 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. எனவே "கண்ணை வைத்துப் பாருங்க, ஓடிபி அனுப்புங்க" என்று கேளுங்கள். முடியாது என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கச் சொன்னதும் பலருக்கு மாற்று வழி நினைவுக்கு வந்துவிடும். ஆனால் ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும் என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஆதாரில் இருப்பது மகன் எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கலாம். அதை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டுங்கள். அந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இடம் உண்டா, அனுமதி வந்ததா என்று கேட்ட பிறகே அடுத்த வேலை. முதலில் பணம் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். அங்கேயே நின்று 1800 425 3993 எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை.